காலி சீட்டுக்கு ஒரு பெல்ட்

வண்டி பேச ஆரம்பித்தது ஆடி மாதம் மூன்றாவது வாரத்தில். பேச்சு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கீ, கீ, கீ என்று ஒரே சத்தம். பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கும் ஆளைப் போடச் சொல்லி அதட்டுகிற சத்தம். செய்தவன் நல்லதுக்குத்தான் வைத்திருக்கிறான். வம்பு என்னவென்றால், சத்தம் டிரைவர் சீட்டுக்காக வரவில்லை. பக்கத்து சீட்டுக்காக வந்தது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

கைலாசத்தின் கோழிப்பண்ணை புதுச்சத்திரத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, கரடு என்று சொல்லும் ஒரு கல்குன்றின் அடியில் இருந்தது. தகரக் கூரை போட்ட பன்னிரண்டு செட், ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் கோழி. கரட்டின் உச்சியில் தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து தண்ணீர் தானாக இறங்கிச் செட்டுகளுக்கு வரும். தினம் ஒருமுறை யாராவது மேலே போய்த் தொட்டியில் மருந்து கலக்கிவிட்டு, இறங்கும் வழியில் செத்த கோழிகளை அள்ளிக் குழியில் போட வேண்டும். அதற்காக வாங்கியதுதான் குட்டி வண்டி. அது ஜீப்பும் இல்லை, டிராக்டரும் இல்லை. பருத்த சக்கரம் நாலு, சீட்டு இரண்டு, தலைக்கு மேல் இரும்புக் குழாயில் ஒரு கூண்டு, பின்னால் சாமான் போட ஒரு தொட்டி. ரோடு இல்லாத இடத்தில் ரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு ஏறும்.

அதை ஓட்டியவள் கோகிலவாணி. முப்பத்திநாலு வயது. ஓட்ட வந்து ஒரு மாதம் ஆகிறது. அதற்கு முன் ஓட்டியவன் அவள் புருஷன் காளிதாஸ். ஆனி மாதம் கரட்டு வளைவில் வண்டி சாய்ந்து செத்துப்போனான். புருஷனைக் கொன்ற வண்டியையே ஓட்டுகிறாளே என்று ஊர் வாயைப் பிளந்தது. ஊருக்கு என்ன, பிளக்க ஒரு வாய் இருக்கிறது.

சத்தத்தைப் பற்றி அவள் முதலில் போய்ச் சொன்னது மெக்கானிக் சகாயராஜிடம். சகாயராஜ் சேலத்துக்காரர். லாரிப் பட்டறை, போர்வெல் போடும் ரிக் பட்டறை என்று இருபது வருஷம் கிரீஸில் ஊறிவிட்டு இந்தப் பண்ணைக்கு வந்தவர். ஜெனரேட்டரோ தீவன மிஷினோ குட்டி வண்டியோ, எது மக்கர் செய்தாலும் அவர்தான். ஞாயிறானால் மாதா கோவிலுக்குப் போவார், பூசையில் முன்வரிசையில் நிற்பார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஏறக்குறைய அது உண்மையும்தான்.

சத்தம் எங்கே வருகிறது என்று கேட்டார். இறங்கும்போது, வளைவில் ஆரம்பித்து முதல் செட்டைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது என்றாள். எந்நேரம் என்று கேட்டார். உச்சி வெயிலில் என்றாள். காளிதாஸ் சாய்ந்த இடம் அது. சாய்ந்த நேரமும் அதுதான்.

ஆனாலும் மெக்கானிக் மெக்கானிக்தான். சீட்டைக் கழற்றினார். சீட்டுக்கு அடியில் ஆள் பாரம் அறியும் தகடு ஒன்று இருக்கும். பாரம் இருந்து, பெல்ட் கொக்கி மாட்டாமல் இருந்தால் சத்தம் வரும். தகட்டில் ஈரம் ஏறியிருக்கலாம் என்று துடைத்துக் காயவைத்தார். கனெக்டரைச் சுத்தம் செய்தார். கை வைத்ததுதான் வைத்தோம் என்று தீவனத் தூசியும் இறகும் அடைத்திருந்த ஏர் பில்டரைத் தட்டி மாட்டினார். பிரேக் ஆயில் பார்த்தார், நாலு டயருக்கும் காற்று அளந்தார். மறுநாள் சத்தம் வந்தது. தகட்டையே புதிதாக மாற்றினார். அதற்கு மறுநாளும் வந்தது.

நாலாம் நாள் அவரே முதல் செட்டுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவனுக்குக் கோழிச்சத்தம் காதில் விழாது. அது எப்போதும் இருப்பது. குட்டி வண்டி வளைவைத் தாண்டியபோதுதான் அது அவர் காதில் விழுந்தது, ஏனென்றால் அது நின்றுபோனது. பத்தாயிரம் கோழியும் கழுத்தை நீட்டிக்கொண்டு, கொத்தாமல், கொக்கரிக்காமல், ஒரே பக்கம் பார்த்தன. அந்த அமைதிக்கு நடுவில் கீ, கீ, கீ என்று வண்டி இறங்கி வந்தது. கோகிலவாணி பெல்ட் போட்டு நேராக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டு காலி. வண்டி செட்டைத் தாண்டியதும் சத்தம் நின்றது, கோழிகள் மறுபடி கொக்கரித்தன. சகாயராஜுக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்க அவருக்கு அங்கே ஆளில்லை.

அவர் பயந்ததற்குக் காரணம் பேய் மட்டுமில்லை.

போன வருஷம் காளிதாஸ் ஒரு குறை சொன்னான். டிரைவர் பெல்ட் போடாவிட்டால் வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது. முப்பது அடிக்கு ஒருதரம் இறங்கிச் செத்த கோழி எடுக்கிறவன் எத்தனை தடவைதான் பெல்ட்டைப் போட்டுப் போட்டுக் கழற்றுவான்? சகாயராஜ் சிரித்துக்கொண்டே பட்டறைக்குப் போய், பழைய காயலான் வண்டியிலிருந்து பெல்ட்டின் இரும்பு நாக்கை மட்டும் அறுத்து எடுத்து வந்தார். கட்டைவிரல் அளவுத் துண்டு. அதைக் கொக்கிக்குள் சொருகினார். வண்டி ஏமாந்தது. சத்தம் இல்லை, வேகக் கட்டுப்பாடும் இல்லை. காளிதாஸ் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அந்த டீயை நினைத்தால் சகாயராஜுக்கு இன்றைக்கும் தொண்டை கசக்கும்.

ஆனி மாதம் ஒரு மழைக்கு மறுநாள், வளைவில் ஒரு கல் உருண்டு வந்து கிடந்தது. முன் சக்கரம் அதில் ஏறியது. வண்டி ஒன்றும் தலைகுப்புற உருளவில்லை. மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான். பெல்ட் போட்டவனாக இருந்தால் கூண்டுக்குள் இருந்தபடியே மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்திருப்பான். டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் படத்தில் கவிழ்ந்த வண்டிக்கு அடியில் பாதி உடம்பு வெளியே கிடக்க ஒரு பொம்மை மனிதன் இருப்பான். காளிதாஸ் அதே மாதிரி கிடந்தான். முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது சகாயராஜ். கொக்கியில் அந்த இரும்புத் துண்டு வெயிலில் பளபளத்தது. அவர் காளிதாஸைத் தொடுவதற்கு முன் அதைத்தான் தொட்டார். பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பின்னால் ஓடிவந்த கைலாசம் என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்டார். சகாயராஜின் வாய் அவரைக் கேட்காமலே பதில் சொன்னது.

“குடிச்சிருந்தாப்ல இருக்குதுங்க.”

ஒரு வாக்கியம். சேலம் டவுனில் அதற்குப் பெரிய கனம் இல்லை. குடித்தான், விழுந்தான், பாவம் என்று விட்டுவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. போன தை மாதம் காளிதாஸ் ஏரிக்கரை முனியப்பன் முன்னால் நின்று, குடிப்பதில்லை என்று சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டியிருந்தான். ஒரு வருஷத்துக் கயிறு. கயிறு கையில் இருக்கும்போது குடித்தவனை முனியப்பன் விடமாட்டார் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆக, காளிதாஸ் விபத்தில் சாகவில்லை. சத்தியம் மீறினான், சாமி அடித்தது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வரும் வரும் என்றார்கள், இன்னும் வரவில்லை. முனியப்பனே தீர்ப்பு சொன்ன பிறகு காகிதத்துக்கு யார் காத்திருக்கிறார்கள்? காளிதாஸின் அம்மா பொன்னாயி மகன் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. விளக்கு ஏற்றவில்லை. சாமி தள்ளின பிள்ளைக்கு விளக்கு எதுக்கு என்று சொல்லிவிட்டாள்.

சகாயராஜ் இரண்டு முறை பாதிரியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். கோபம், பொறாமை, ஒரு ஞாயிறு பூசைக்குப் போகாதது, எல்லாம் சொன்னார். இதைச் சொல்லவில்லை. இரும்பு நாக்கு டூல்ஸ் பெட்டியில், ஸ்பேனர்களுக்கு அடியில், ஒரு கிழிந்த துணியில் சுற்றிக் கிடந்தது. தூக்கி எறியவும் கை வரவில்லை.

ஐந்தாம் நாள் அவர் பக்கத்து சீட்டுத் தகட்டுக்குப் போகும் ஒயரையே வெட்டினார். வெட்டிய இரண்டு முனையிலும் டேப் சுற்றினார். இனி அந்த சீட்டில் யானை உட்கார்ந்தாலும் வண்டிக்குத் தெரியாது. மத்தியானம் கோகிலவாணி மேலே போய் இறங்கினாள். கீ, கீ, கீ.

இந்தத் தடவை அவள் வளைவுக்குக் கீழே வண்டியை நிறுத்தினாள். சகாயராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்து சீட்டு பெல்ட்டை இழுத்து, குழந்தைக்கு மாட்டுகிற மாதிரி நிதானமாகக் குறுக்கே கொண்டுவந்து, கொக்கியில் மாட்டினாள். சத்தம் நின்றது. அவர் பக்கத்தில் போனார். காலி சீட்டில் மாட்டிய பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். அது ஒட்டவில்லை. சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நெஞ்சு அளவுக்கு இடம் இருந்தது. அந்த இடத்தில் பெல்ட் வளைந்து, விறைப்பாக, காற்றில் நின்றது.

கோகிலவாணி பயப்படவில்லை. பயம் தாண்டிய ஒரு களைப்புதான் அவள் முகத்தில் இருந்தது.

“அண்ணா, அவுரு போகாம இருக்கறாருங்க. கயிறோட குடிச்ச பாவம் விடமாட்டேங்குது. மொதல்ல ஓடுனது நீங்கதானுங்களே. எவ்வளவு குடிச்சிருந்தாரு? நெறயவா, கொஞ்சமா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும், அதுக்குத் தக்கன நான் முனியப்பனுக்குச் செய்யோணும்.”

சகாயராஜ் தெரியவில்லை என்றார். அதையும் தரையைப் பார்த்துச் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை ஏரிக்கரைக்குப் போய், புருஷன் கையிலிருந்து அவிழ்த்த கயிற்றை வைத்து மன்னிப்புக் கேட்டு மொட்டை போட்டுக்கொள்வதாக அவளுக்கு வேண்டுதல். ஊரே பார்க்க, புருஷன் சத்தியம் மீறியவன்தான் என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று புதன்கிழமை. அவர் கையில் இருந்தது ஒரு நாள்.

வியாழன் காலை கைலாசம் கூப்பிட்டார். வண்டி போகும்போதெல்லாம் கோழி மிரள்கிறது, முட்டை குறைகிறது, வேலைக்காரர்கள் மதியம் அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறார்கள், என்ன செய்வாயோ தெரியாது, அந்தச் சத்தம் இன்றோடு நிற்க வேண்டும் என்றார். சகாயராஜ் தலையாட்டிவிட்டு வந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி டூல்ஸ் பெட்டியில் இருந்தது. துணியைப் பிரித்து இரும்பு நாக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்று நானே மேலே போகிறேன் என்று கோகிலவாணியிடம் சொன்னார்.

அவள் மறுக்கவில்லை. சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் இருக்கும் வண்டிப் புத்தகத்தை மகளை விட்டு வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்து வைத்திருந்தவள் அவள். ஏறும்போதும் இறங்கும்போதும் லோ கியர்தான் என்றாள். சரிவில் குறுக்கே ஓட்டக் கூடாது, சாய்ந்தால் சாய்கிற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும், கையோ காலோ கூண்டுக்கு வெளியே போகக் கூடாது என்றாள். இருபது வருஷ மெக்கானிக்கிடம் ஒரு மாத டிரைவர் சொல்கிறாள். அவருக்குக் கோபம் வரவில்லை. இதைப் படித்துக் காளிதாஸுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தானே.

உச்சிக்குப் போய், தொட்டியில் மருந்து கலக்கினார். மேலே காற்றில்லை. ஆடி மாதத்தில் கரட்டு உச்சியில் காற்றில்லாமல் இருப்பதை அவர் அன்றுதான் பார்த்தார். கீழே பன்னிரண்டு செட்டும் தகரம் பளபளக்கக் கிடந்தன. ஒரு கோழிச்சத்தம் இல்லை. நிழல் காலடிக்குள் சுருங்கியிருந்தது. வண்டியில் ஏறித் தன் பெல்ட்டைப் போட்டார். கொக்கி டக்கென்று மாட்டிய சத்தம் கேட்டது. அதை அவர் பிற்பாடு ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்தார், கேட்டது, சத்தியமாகக் கேட்டது. பிறகு பையிலிருந்த இரும்பு நாக்கை எடுத்துப் பக்கத்து சீட்டுக் கொக்கியில் சொருகினார். லோ கியர் போட்டு இறங்கினார்.

வளைவு வரை ஒன்றுமில்லை. வளைவில், கீ என்று ஆரம்பித்தது.

அவர் இடப்பக்கம் குனிந்து பார்த்தார். பக்கத்து சீட்டுக் கொக்கி வெறுமையாக இருந்தது. அவர் சொருகிய துண்டைக் காணோம். தன் இடுப்பைப் பார்த்தார். அவருடைய கொக்கியில்தான் அது இருந்தது. வெயிலில் பளபளத்தது. அவர் போட்டிருந்த பெல்ட் தோளுக்கு மேலே கம்பத்தில் சுருண்டு, யாரும் தொடாத மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. காளிதாஸ் கடைசி நாள் எப்படி உட்கார்ந்து இறங்கினானோ, அவர் இப்போது அப்படி உட்கார்ந்திருந்தார்.

அதைப் பார்த்த நொடியில் முன் சக்கரம் ஏதோ கல்லில் ஏறியது. வண்டி வலப்பக்கம், பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது. அந்த மெதுவில் அவருக்கு எல்லாம் தெரிந்தது. உடம்பு சீட்டை விட்டு நழுவுவதும், வலது கால் தானாகவே தரையில் ஊன்ற வெளியே கிளம்புவதும், கீழே மண் கிட்டே வருவதும் தெரிந்தது. டேஷ்போர்டில் அந்தப் பொம்மை மனிதன் பாதி உடம்போடு கிடந்தான்.

அப்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு கை குறுக்கே வந்து அவர் நெஞ்சை அமுக்கியது.

கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கைதான். லாரியில் போகும்போது திடீரென்று பிரேக் அடித்தால் பக்கத்தில் இருப்பவன் முன்னால் விழாமல் டிரைவர் யோசிக்காமல் கையைக் குறுக்கே போடுவானே, அந்தக் கை. அது அவரைச் சீட்டோடு சேர்த்துப் பிடித்தது. கிராம்பு வாசம் அடித்தது. குடியை விட்ட நாளிலிருந்து காளிதாஸ் வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு இருக்கும். சகாயராஜ் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கோகிலவாணி சொன்னது நினைவுக்கு வந்து ஸ்டியரிங்கைச் சாய்கிற பக்கமே திருப்பினார். வண்டி ஒரு முறை ஆடி, நாலு காலில் நின்றது.

பிரேக்கை மிதித்தபடி அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் அந்தப் பாரம் கொஞ்ச நேரம் இருந்து, பிறகு எடுக்கப்பட்டது. அவர் அழுதார். செத்ததற்குக் காரணமானவனை, செத்த பிறகு கெட்ட பேரும் வாங்கிக் கொடுத்தவனை, காளிதாஸ் கையைப் போட்டுப் பிடித்திருக்கிறான். அடித்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. தன் கொக்கியிலிருந்து இரும்பு நாக்கைப் பிடுங்கினார், பெல்ட்டை இழுத்து ஒழுங்காக மாட்டினார். பக்கத்து சீட்டு சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. அவர் அதை நிறுத்தப் பார்க்கவில்லை. இந்தத் தடவை முதல் செட்டைத் தாண்டியும் அது நிற்கவில்லை. தீவன குடோன் வாசல் வரை வந்தது.

கோகிலவாணி குடோன் நிழலில் நின்றிருந்தாள். சகாயராஜ் இறங்கி, அந்த இரும்புத் துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தார். அது என்ன, எதற்காக அறுத்தது, எங்கே இருந்தது, எப்போது பிடுங்கியது என்று ஒன்று விடாமல் சொன்னார். குடித்திருந்தான் என்று சொன்னது தான் கட்டிய பொய் என்றும் சொன்னார். எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் அவர் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. சொல்லி முடிக்கும்போது வண்டியின் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

திட்டுவாள், அடிப்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“அன்னிக்கு அவுரு வாயில என்ன வாசமுங்க இருந்துச்சு?”

“கிராம்பு, தங்கச்சி. கிராம்பு மட்டுந்தான்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கயிற்றை எடுத்தாள். மஞ்சள் போய் வெளுத்த, காளிதாஸின் கயிறு. அதைத் தன் மணிக்கட்டில் சுற்றிக் கட்டிக்கொண்டு, தை வரைக்கும் கணக்கு இருக்கிறது, மீதியை நான் கட்டுகிறேன் என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி பெல்ட் போட்டாள். பக்கத்து சீட்டைக் காட்டி அவரை ஏறச் சொன்னாள்.

எங்கே என்று அவர் கேட்கவில்லை. முதலில் பொன்னாயி வீடு, அப்புறம் ஏரிக்கரை, அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். அது அவருக்கே தெரிந்தது. தயங்கித் தயங்கி அந்த சீட்டில் உட்கார்ந்தார். சீட்டு இன்னும் சூடாக இருந்தது. வெயில் சூடுதான் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார், ஆனால் வண்டி நின்றது நிழலில். அவர் பாரம் ஏறியும் வண்டி வாயைத் திறக்கவில்லை. ஒயரை வெட்டியது அவர்தானே, உயிருள்ள ஆளுக்கு அது எப்படிச் சத்தம் போடும்?

“பெல்ட்டப் போடுங்கண்ணா,” என்றாள் கோகிலவாணி, முன்னால் பார்த்தபடி. “எல்லாருகிட்டயும் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க உசுரோட இருக்கோணும்.”

அவர் பெல்ட்டை இழுத்து மாட்டினார். வண்டி கிளம்பி முதல் செட்டைக் கடந்தது. அதுவரை வாய் திறக்காத கோழிகள் ஒன்று, இரண்டு, நூறு என்று ஆரம்பித்து, பத்தாயிரமும் சேர்ந்து கத்தத் தொடங்கின. கோகிலவாணி தலையைத் திருப்பிக் கரட்டு வளைவை ஒரு முறை பார்த்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க, பொன்னாயி வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.